இரண்டு சத்தம்

தலைக்கு மேல் இரண்டு பேர் நடக்கிறார்கள். அதில் ஒரு நடை எனக்கு மனப்பாடம், என் வீட்டுக்காரருடையது. இடது காலை அழுத்தி வைப்பார், வலது கால் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பின்னால் வரும். இன்னொன்று செருப்புச் சத்தம், சரக் சரக்கென்று, அது வீட்டு ஓனர் சென்னியப்பன். மேல் வீட்டுச் சமையலறையில் நிற்கிறார்கள் போலிருக்கிறது, குழாயைத் திறந்து காட்டுகிறார், சுவருக்குள் தண்ணீர் இறங்குவது கேட்கிறது. தண்ணீர் நன்றாக வருகிறது. அப்படியென்றால் நல்ல வீடு. நல்ல வீடு என்றால் கிடைக்காது. நான் இப்படித்தான், நல்லது எதைப் பார்த்தாலும் இது நமக்கு வராது என்று முதலிலேயே நினைத்து வைத்துக்கொள்வேன், அப்புறம் வராமல் போனால் பாதி வலிதான். காபி டம்ளர் சுடுகிறது. முந்தானையால் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் வீடு கேட்டு வந்த இடத்தில் முந்தானையால் டம்ளரைப் பிடித்தால் என்ன நினைப்பார்களோ. ஓனர் வீட்டுப் பாவாயி அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “குடிங்க அம்மிணி, ஆறிப்போயிரும். நான் குக்கர வெச்சுட்டு வந்தர்றேன்” என்கிறார். சிரித்தேன். சிரித்தேனா, வாயை மட்டும் இழுத்தேனா தெரியவில்லை. என்னை ஏன் மேலே கூப்பிடவில்லை? “உங்களுக்கு முட்டி வலின்னீங்களே, நீங்க உக்காருங்க. நானும் அண்ணனும் போய்ப் பார்த்துட்டு வர்றோம்” என்றார் சென்னியப்பன். அண்ணன் என்று சொல்லும்போது என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார். வந்ததிலிருந்து அந்தக் காதைத்தான் பார்க்கிறார். காது, அப்புறம் நெற்றி, மறுபடி காது. பார்த்துவிட்டு எச்சில் விழுங்கினார். அதை நான் பார்த்தேன். மனுஷன் சும்மா பார்த்தால் எச்சில் விழுங்க மாட்டான்.

அந்தக் காதை யாரும் ஒரு தடவையோடு விட மாட்டார்கள். மடல் என்று ஒன்று கிடையாது, பணியாரக் குழியில் ஊற்றி எடுத்தது போல உருண்டு கெட்டிப்பட்டிருக்கும். நெற்றியில் கோடு போட்ட நோட்டு மாதிரி மயிரிழைத் தழும்புகள், நடுவில் ஒன்று மட்டும் பெரியது, புருவம் வரைக்கும் இறங்குவது. மொட்டைத் தலை, பூனைக்கண், அறுபத்தேழு வயதிலும் வாசல்படியை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. இந்த உருவத்தைக் கூட்டிக்கொண்டு வீடு கேட்டுப் போனால் யார் கொடுப்பார்கள்? இதுவரை ஒன்பது வீடு. சூரம்பட்டியில் ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏனுங்க, உள்ள இருந்துட்டு வந்தவருங்களா?” என்று கேட்டாள். சேலத்தில் நாங்கள் இருக்கிற வீட்டை இடிக்கப்போகிறார்கள், மாசக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும், இன்னும் பன்னிரண்டு நாள். மகள் தேன்மொழி இந்த ஈரோட்டில்தான் வேலை பார்க்கிறாள், அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை, பக்கத்தில் வந்து இருங்கள் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். ஈரோடு வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சொல்லவில்லை. சொல்லக் கூடாதவை எங்கள் வீட்டில் நிறைய. கொஞ்ச நேரம் முன்னால் பாவாயி அக்கா கேட்டார், வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று. கம்பெனி என்றேன். எந்தக் கம்பெனி என்று கேட்பதற்குள் நல்லவேளை பால் பொங்கிவிட்டது.

அவர் பல்கேரியாவாக இருந்தார். இதை எப்படிச் சொல்வது? பெயர் மாசிலாமணி, ஊர் சேலம், குகைப் பகுதி. பொருட்காட்சிகளில் குஸ்தி நடத்துகிற காண்ட்ராக்டர் தேவசகாயம்தான் அவரைப் பார்த்த உடனே, இந்தத் தோலுக்கும் கண்ணுக்கும் நீ வெளிநாட்டுக்காரன்டா என்று சொல்லி மொட்டை அடித்துவிட்டார். எந்த நாடு என்று பள்ளிக்கூட மேப்பை விரித்து வைத்துத் தேடினார்களாம். ஜெர்மனி வேண்டாம், எவனாவது தெரிந்தவன் வந்து பேசிவிடுவான். பல்கேரியா இருக்கட்டும், அங்கிருந்து ஒருத்தனும் பொருட்காட்சி பார்க்க வர மாட்டான். அப்படித்தான் பல்கேரியக் கரடி போரிஸ். உள்ளூர் வீரனைக் காலால் மிதிப்பது, மாலை போட வந்தவனைத் தள்ளிவிடுவது, ஜனங்களைப் பார்த்துத் துப்புவது, கடைசி நாள் தோற்பது. யார் ஜெயிப்பது என்று மத்தியானம் சாப்பிடும்போதே ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் அது ஜனங்களுக்குத் தெரியக் கூடாது. அவர் வாயிலிருந்து தமிழ் வரக் கூடாது, அது தொழில் கட்டளை. போஸ்டர் ஒட்டியிருக்கிற ஊரில் டீக்கடைக்காரனிடம் சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் பாயசம் மாதிரி டீயைக் குடித்துவிட்டு உறுமிக்கொண்டே வருவார். பஸ்ஸில் நான் நாலு சீட் பின்னால் உட்கார வேண்டும். பல்கேரியனுக்குப் பெண்டாட்டி ஏது? ஒருத்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “பாரு இந்தக் கடங்காரன, இவனப் பெத்தவ நாசமாப் போக” என்று சபித்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். என் மாமியாரை நினைத்துக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. தேன்மொழி பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே போஸ்டர். வந்து கட்டில் பக்கத்தில் நின்றார், வார்டு முழுக்க எழுந்து பார்க்கிறது, ஆணா பெண்ணா என்று கேட்க முடியவில்லை, கண் மட்டும் தவிக்கிறது. நான் துணியை விலக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு ஹர்ர்ர் என்று உறுமினார். நர்ஸ் ஓடிப்போனாள். குழந்தை மட்டும் தூங்கியது, வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்ட சத்தம்தானே.

மேலே நடை நின்றுவிட்டது. இல்லை, மொட்டை மாடிக்குப் போகிற படியில் ஏறுகிறார்கள். மொட்டை மாடியில் என்ன பார்க்க இருக்கிறது? தண்ணீர்த் தொட்டி. தொட்டியைக் கீழே நின்றே காட்டலாமே. கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் இருக்கும், வரும்போது பார்க்காமல் விட்டேனே. சென்னியப்பனுக்கு அறுபது வயசு இருக்கும். அப்போது இருபத்தாறு, இருபத்தேழு. பொருட்காட்சி மைதானத்தில் நின்று கத்துகிற வயசு. இந்த ஊர் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில்தான் அவர் நெற்றி கிழிந்தது. பதினொரு தையல். கூட்டத்திலிருந்து ஒருவன் சோடா பாட்டில் எறிந்தான், எறிந்தவன் அகப்படவில்லை, எல்லோரும் பாட்டில் என்றார்கள். பாட்டில் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். ரத்தம் வராவிட்டால் ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் விரலில் ஒட்டுகிற பிளாஸ்திரிக்குள் பிளேடு நுனியை ஒடித்து வைத்துக்கொள்வார், குப்புற விழுந்து கிடக்கும்போது நெற்றியில் ஒரு இழுப்பு, வேர்வையோடு சேர்ந்து முகமெல்லாம் சிவந்துவிடும். ஒடித்துச் சுற்றிக் கொடுப்பது என் வேலை. லாட்ஜ் ரூமில் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து செய்வேன். பிளேடு வெளியே எள்ளளவு தெரியணும், அதற்கு மேல் கூடாது. அன்றைக்குத் தேன்மொழி வயிற்றில் நாலு மாசம், காய்ச்சல் வேறு, கண் மங்கியது. அவர் புறப்பட்டுப் போன பிறகு பாயில் கிடந்த மீதித் துண்டைப் பார்க்கிறேன், ரொம்பச் சின்னதாக இருக்கிறது. அப்படியானால் விரலில் போனது? எள்ளளவு இல்லை, அரிசியளவு. ஓடினேன். மைதானத்தில் பெண்கள் பக்கம் மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் இருபது அடியில் இருக்கிறார், கூப்பிட முடியவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? பல்கேரியனை ஏனுங்க என்று கூப்பிட முடியுமா? பாட்டில் பறந்தது, அவர் விழுந்தார், எழுந்தபோது முகம் முகமாக இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு அரிசி விரலில் ஒட்டினால் போதும், உதறிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வேன். யாரிடம் சொல்வது இதை. அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன். விழுந்த சத்தம். விழத் தெரிந்தவன் விழுந்தால் இரண்டு சத்தம் வரும், உள்ளங்கை முதலில் தரையை அறையும், படார், முதுகு அப்புறம் விழும், தொம். கை அடியை வாங்கிக்கொள்ளும், முதுகு பிழைத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் வீட்டில் மெத்தையை விரித்து விடிகாலையில் பழகுவார், படார் தொம், படார் தொம், கீழ் வீட்டுக்காரர்கள் நான் தினமும் அடி வாங்குகிறேன் என்று நினைத்து எனக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தார்கள். அன்று ஈரோட்டில் ஒரே சத்தம். தொம். அது மட்டும்தான்.

குக்கர் விசில் அடித்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஏதோ விழுந்தது. டம்ளரில் காபி அதிர்ந்தது. தொம் கேட்டது, நிச்சயமாகக் கேட்டது. அதற்கு முன்னால் படார் இருந்ததா? விசில். விசில் கத்திக்கொண்டிருந்தது. விசிலுக்குள் ஏதோ ஒன்று இருந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. நினைத்துப் பார், நினைத்துப் பார். விசில் ஏறியது, அப்புறம் தொம். இல்லை, விசில் ஏறியது, படக்கென்று ஒன்று, அது மூடி அசைந்த சத்தமாகவும் இருக்கலாம், அப்புறம் தொம். திரும்பத் திரும்ப நினைக்க நினைக்க நானே ஒரு படாரைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன், அதனால் அதை நம்ப முடியவில்லை. பாவாயி அக்கா கரண்டியோடு வந்தார். “பயந்துட்டீங்களா? தேங்காய்ங்க. பின்னால மரம் மாடி மேல சாஞ்சிருக்குது, காத்தடிச்சா விழும்” என்றார். தேங்காய் இவ்வளவு அதிருமா? காற்று எங்கே அடிக்கிறது? வாசலில் காயப்போட்ட துண்டு அசையவே இல்லை. மேலே நடையும் இல்லை. இரண்டு பேர் இருக்கிற இடத்தில் ஒரு தேங்காய் விழுந்தால் யாராவது ஏதாவது பேச மாட்டார்களா? காலையில் மாத்திரை போட்டாரா? போட்டார், நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வெள்ளை ஒன்று, பாதி ரோஸ். இல்லை, அது நேற்றா? “நான் போய்ப் பார்க்கிறேன்க்கா” என்றேன். “முட்டி வலின்னீங்களே அம்மிணி” என்று அவர் சொல்லி முடிக்கும்போது நான் வெளிப்படியில் மூன்றாவது படியில் இருந்தேன்.

படி உயரம் அதிகம். கட்டினவன் யாரோ ஒட்டகத்துக்குக் கட்டியிருக்கிறான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் வைத்து, அடுத்த காலை அதோடு சேர்த்து, அடுத்த படி. தள்ளியிருப்பானா? எச்சில் விழுங்கினானே. ஜனங்கள் அவரை நிஜமாகவே வெறுத்தார்கள், காசு கொடுத்து உள்ளே வந்து வெறுத்தார்கள், கரூரில் ஒரு கிழவர் வரிசையில் நின்று அவர் மேல் துப்பிவிட்டுப் போனார். அந்த வெறுப்பெல்லாம் எங்கே போகும், யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும்தானே. இல்லை, நெஞ்சாக இருக்கும். தொட்டியைப் பார்க்க அண்ணாந்திருப்பார், தலை சுற்றியிருக்கும். அப்படி விழுந்தால் கை முதலில் போகாது. நினைவு தப்பினவனுக்குக் கை போகாது. மேல் வீட்டு வாசலைத் தாண்டியாயிற்று, இன்னும் பத்துப் படி. முட்டிக்குள் மிளகாய் வைத்த மாதிரி இருக்கிறது. கடவுளே, வீடு வேண்டாம். பன்னிரண்டு நாளில் சத்திரத்தில்கூடப் போய் இருக்கிறோம். கட்டைவிரல். ஆமாம், கட்டைவிரலைப் பார்க்க வேண்டும். முதல் தடவை கரூரில் அவர் பிணம் மாதிரிக் கிடந்ததைப் பார்த்து நான் மயக்கம் போட்டுவிட்டேன், யாரோ தெரியாத பெண்கள் தண்ணீர் தெளித்தார்கள், அதற்கப்புறம்தான் அவர் சொன்னார், “இனிமே நான் கிடந்தா என் மூஞ்சியப் பார்க்காத புள்ள, இடது கால் கட்டைவிரலைப் பாரு. அது ஆடிச்சுன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்.” சிவப்பு ஷூவுக்குள் இருக்கிற விரல், ஷூ முனை லேசாக ஆடும், பத்தாயிரம் பேரில் எனக்கு மட்டும் தெரிகிற ஆட்டம். ஈரோட்டில் அது ஆடவில்லை. ரொம்ப நேரம் ஆடவில்லை.

மொட்டை மாடி வெயிலில் வெள்ளையாக இருந்தது. அவர் தொட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. சென்னியப்பன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார், கன்னமெல்லாம் ஈரம், அது வேர்வையா என்னவென்று தெரியவில்லை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். வெறுங்கால், குதிகால் வெடித்திருக்கிறது, தைலம் தேய் தேய் என்று எத்தனை தடவை சொல்வது. இடது கால் கட்டைவிரல். நகம் மஞ்சளாக. அது ஆடியது. ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால், அப்புறம் என்னைக் கிண்டல் செய்கிற மாதிரி மூன்றாவது தடவை. அங்கேயே சூட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “ஏன் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கிறீங்க?” என்று கேட்டேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. “வெயில் கூசுது” என்றார். “ரெண்டு சத்தம் கேட்டிருக்குமே உனக்கு?” என்றார். “குக்கர் கத்திச்சு” என்றேன். “அடடா” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“என்னால தானுங்க எல்லாம்” என்றார் சென்னியப்பன். வாசலில் பார்த்த உடனே காதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாராம். கீழே பெண்டாட்டி முன்னால் கேட்க வாய் வரவில்லை, மேலே கூட்டி வந்து, நீங்க போரிஸ்தானே என்றாராம். இவர் பழைய கட்டளைப்படி, இல்லை, நான் மாசிலாமணி என்றிருக்கிறார். உடனே அந்த மனுஷன் காலில் விழப் போயிருக்கிறார். “அந்தப் பாட்டில எறிஞ்சது நானுங்க அம்மிணி. நெத்தியில ரத்தத்தப் பார்த்ததும் ஓடினவன்தான், கோபியில எங்க அத்தை வீட்ல ஒரு வாரம் ஒளிஞ்சு கிடந்தேன். அண்ணன் செத்துட்டாருன்னே நினைச்சேன். பேப்பரப் பிரிக்கவே பயம். பேசத் தெரியாத வெளிநாட்டுக்காரன், பாவம் கேக்க ஆளில்லாம ஆஸ்பத்திரியில கிடப்பானேன்னு... இன்னிக்கு வரைக்கும் சோடா குடிக்கிறதில்லீங்க.” அப்புறம் இவர் ஒத்துக்கொண்டு, எனக்கு அடிபடாமல் விழத் தெரியும் என்று சொன்னால் அந்த மனுஷன் நம்பவில்லையாம், அதனால் இவர், அறுபத்தேழு வயசு, நெஞ்சுக்கு மாத்திரை, “எங்க, என் நெஞ்சுல கை வச்சுத் தள்ளு பார்ப்போம்” என்று சொல்லித் தானாகவே விழுந்து காட்டியிருக்கிறார். “விழுந்தது சரிங்கண்ணா” என்றார் சென்னியப்பன், “ஆனா அன்னிக்கு ரத்தம் வந்துச்சே. அதுக்கென்ன சொல்றீங்க?” இவர் கையை எடுத்து நெற்றியை மறைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும், கொன்றாலும் பிளேடைப் பற்றிச் சொல்ல மாட்டார், தேவசகாயம் செத்துப் பதினைந்து வருஷம் ஆகியும் அவருக்குச் செய்து கொடுத்த சத்தியம் சாகவில்லை. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருஷமாக வைத்திருக்கிற முகம். என் முகம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. “உங்க பாட்டில் இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன். “பிளேடு. இவரே கிழிச்சுக்குவாரு. நான்தான் ஒடிச்சுக் குடுப்பேன். எள்ளளவு வைக்கணும், அன்னிக்கு அரிசியளவு வச்சுட்டேன். காய்ச்சல்ல தெரியாம செஞ்சுட்டேன். என்னாலதான்.” சொல்லிவிட்டு அவரைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தேன். தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “யார் சொன்னது உனக்கு?” என்றார். “பிளேடு மொத ரவுண்டுலயே வேர்வையில கழண்டு எங்கயோ விழுந்துருச்சு. வெறும் பிளாஸ்திரிதான் விரல்ல.” சென்னியப்பன் பக்கம் திரும்பினார். “உன் பாட்டில் கயித்துல பட்டு அந்தப் பக்கம் போச்சு, என் மேல படவே இல்ல. நீ சரியா எறியத் தெரியாதவன்.” “அப்பறம் எப்பிடிங்கண்ணா?” இவர் மொட்டைத் தலையைத் தடவினார். இத்தனை வருஷத்தில் அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை, காது முதலில் சிவக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. “ஷூ நாடா” என்றார். “என்னது?” என்றேன். “நாடா கட்ட மறந்துட்டேன். நானே மிதிச்சு, நானே தடுக்கி, மூலைக் கம்பத்து இரும்புல நெத்தி. கை முதல்ல போகல. வர்றவனுக்கெல்லாம் விழச் சொல்லிக் குடுத்தவன் நான். பல்கேரியக் கரடி நாடா தடுக்கி விழுந்துச்சுன்னா வெளிய சொல்ல முடியுமா? பாட்டில்னு எல்லாரும் சொன்னாங்க, சரி பாட்டில்னு இருந்துட்டேன்.” “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?” “உங்கிட்டச் சொன்னா நீ தினமும் நாடா கட்டிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருப்ப.” அது உண்மைதான். கேட்டிருப்பேன்.

முதலில் சிரித்தது சென்னியப்பன். விக்கல் மாதிரி ஒன்று வந்தது, அப்புறம் நிற்கவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நாடா, நாடா என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நான் சிரித்தேனா அழுதேனா, முந்தானை நனைந்திருந்தது. ஒரு நாடா. முப்பத்து மூன்று வருஷ அரிசியெல்லாம் எங்கே போயிற்று, எவ்வளவு அரிசி, எத்தனை படி சோறு. கோபம் வர வேண்டும், வரவில்லை, நாளைக்கு வரும், நாளைக்கு நிதானமாகப் பட்டுக்கொள்ளலாம். இப்போது தலை முதுகெல்லாம் எடையில்லாமல் இருந்தது, சுமையை இறக்கி வைத்தால் கொஞ்ச நேரம் கை தானாக மேலே போகுமே, அப்படி. “அண்ணா, வெள்ளிக்கிழமை நல்ல நாளுங்க, பால் காய்ச்சிருங்க” என்று சொல்லி அவருக்குக் கை கொடுத்துத் தூக்கினார் சென்னியப்பன். கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். நெஞ்சு உயரம் இருக்கிறது. நல்ல உயரம்.

ஒவ்வொரு படியாக இறங்கினோம், இவர் முன்னால், நான் பின்னால், நாலு சீட் தள்ளி இல்லை, தோளைப் பிடித்துக்கொண்டு. கீழே பாவாயி அக்கா கரண்டியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “தேங்காய்தானுங்களே அம்மிணி?” என்றார். “இல்லீங்க்கா” என்றேன். “எங்க வீட்டுக்காரரு. விழுறதுதான் அவரு பார்த்த வேலை.”